மதுரைப் புறநகரில் ஒரு மால்: எந்த வசதிகளை முதலில் வற்புறுத்த வேண்டும்?

ஒத்தக்கடைக்கும் மாட்டுத்தாவணிக்கும் இடைப்பட்ட பகுதியில் தங்கள் குடும்பத்துக்கு ஏழு ஏக்கர் நிலம் இருப்பதாகவும், கட்டுமான நிறுவனம் ஒன்று அதில் கூட்டாகப் பெரிய மால் ஒன்றைக் கட்ட முன்வந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் காட்டிய வரைபடத்தில் சினிமா அரங்குகள், ஃபுட் கோர்ட், சிறுவர் விளையாட்டுக் கூடம், சூப்பர் மார்க்கெட், தரைக்குக் கீழே இரண்டு தளங்களில் கார் பார்க்கிங் ஆகியவை இருக்கின்றன என்றும், இவை போதுமா, வேறு எவற்றை ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்க வேண்டும் என்றும் வினவியிருக்கிறீர்கள். இத்தகைய வளாகங்களின் பராமரிப்புப் பணியில் நெடுநாள் இருந்தவன் என்ற முறையில் விடை கூறுகிறேன். வரைபடத்தில் வண்ணம் தீட்டிக் காட்டப்பட்டவை அனைத்தும் வாடகையோ கட்டணமோ ஈட்டித் தரும் இடங்கள். ஆனால், திறப்பு விழா முடிந்து பத்து ஆண்டுகள் கழித்தும் அந்தக் கட்டடத்தில் மக்கள் நடமாட்டம் இருக்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை காசு ஈட்டாத இடங்களே: உள்ளே வரும் வழி, பேருந்து நிற்கும் இடம், கழிப்பறை, குடிநீர், உட்காரும் இருக்கை, அவசரத்தில் வெளியேறும் படிக்கட்டு. நீங்கள் வற்புறுத்த வேண்டியவை இவையே.

மால் என்ற கட்டட வகை எங்கே, எவருக்காகப் பிறந்தது என்பதைச் சற்றுக் கூறிவிடுகிறேன், ஏனெனில் தங்களிடம் காட்டப்பட்ட வரைபடத்தின் குறை அங்கிருந்துதான் வருகிறது. முழுவதும் கூரையிட்டு, வெப்பநிலையைக் கட்டுப்படுத்திய முதல் புறநகர் மால் 1956ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஈடைனா என்னும் ஊரில் சவுத்டேல் என்ற பெயரில் திறக்கப்பட்டது. அதனை வடிவமைத்த விக்டர் குரூயன் வியன்னாவில் பிறந்தவர். சுற்றிலும் வீடுகளும் பள்ளிகளும் பூங்காக்களும் அமைந்து, நடுவே மக்கள் கூடும் ஊர்மன்றம் போல அது விளங்க வேண்டும் என்பது அவர் எண்ணமாக இருந்தது. நடந்ததோ வேறு. கட்டடத்தைச் சுற்றி ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் நிற்கும் திடல் மட்டுமே அமைந்தது; பிற்காலத்தில் குரூயனே இந்த மால்களைத் தம்முடையவை என்று ஏற்க மறுத்தார். கடுங்குளிர் அடிக்கும் ஊரில், வீட்டுக்கு வீடு கார் வைத்திருந்த மக்களுக்காக எழுந்த அந்த அமைப்பை அப்படியே பெயர்த்து ஒத்தக்கடையில் நட்டால் அது இங்கே வேர்பிடிக்காது.

மதுரையில் பொருள் வாங்க வருபவர் யார் என்பதைத் தீபாவளிக்கு முந்தைய இரவுகளில் ஜவுளிக்கடைகள் நிறைந்த விளக்குத்தூண் பகுதிக்குச் சென்று பார்த்தவர்கள் அறிவார்கள். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், நத்தம், சிவகங்கைப் பக்கமிருந்து குடும்பமாகப் பேருந்தில் வந்து இறங்குவோரும், கணவன், மனைவி, இரு பிள்ளைகள் எனப் பைக்கில் வருவோருமே அங்கே பெருங்கூட்டம். நகருக்குள் சின்னச் சொக்கிகுளத்தில் விஷால் டி மால் இருக்கிறது. அதன் வாசலுக்கு நகரத்தின் எந்தப் பகுதியிலிருந்தும் ஆட்டோவில் சிறிது நேரத்தில் வந்துவிடலாம். நகருக்கு வெளியே அமையும் மாலுக்கு அந்த வசதி தானாக வாய்க்காது, நாம்தான் அதைக் கட்டித் தர வேண்டும். ஆகவே கார் பார்க்கிங்கைப் பற்றிப் பேசும் முன் பேருந்தைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். வீட்டுக்குத் துணிமணியும் பாத்திரமும் மளிகையும் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே என்னும்போது, கட்டணமில்லாப் பேருந்து வாசல் வரை வரும் வளாகத்துக்கும், நெடுஞ்சாலையில் இறங்கி நான்கு வழிச்சாலையைக் கடந்து நடந்து வர வேண்டிய வளாகத்துக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு பெரியது என்று எண்ணிப் பாருங்கள். தங்கள் நிலத்தின் முகப்பில், சாலையிலிருந்து உள்வாங்கி, இரண்டு பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கக்கூடிய நிறுத்தம் ஒன்றை மாலின் சொந்த இடத்திலேயே அமைக்கச் சொல்லுங்கள். ஷேர் ஆட்டோக்கள் நிற்க அதற்கு அடுத்தாற்போல் தனி இடம் வேண்டும், இல்லையேல் அவை பேருந்து நிறுத்தத்திலேயே நின்று பேருந்தைச் சாலையின் நடுவே நிறுத்த வைத்துவிடும். நிறுத்தத்திலிருந்து வாசல் வரை வெயிலும் மழையும் படாத கூரை வேண்டும். சித்திரை வெயிலில் நூறு மீட்டர் என்பது கைக்குழந்தையோடு வருபவருக்குச் சிறு தொலைவன்று. எதிர்ப்புறத்தில் இறங்குவோர் கடக்க லிஃப்ட்டுடன் கூடிய நடைமேம்பாலம் தேவை. லிஃப்ட் இல்லாத நடைமேம்பாலத்தை யாரும் ஏற மாட்டார்கள், சாலையின் நடுத்தடுப்பைத் தாண்டத்தான் செய்வார்கள். சாலையில் அமைபவற்றுக்கு நெடுஞ்சாலைத் துறையினரின் இசைவும், வழித்தடத்துக்கு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் இசைவும் பெற வேண்டியிருப்பதால், கட்டடம் எழும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இதனைத் தள்ளிப்போட இடம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது இருசக்கர வாகனம். ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் ஒதுக்குவார்கள். அந்த ஓர் இடத்தில் ஐந்து ஆறு பைக்குகள் நிற்கும். மதுரையில் ஒரு காருக்குப் பல பைக்குகள் வரும் என்று தெரிந்திருந்தும், பல வளாகங்களில் பைக்குகளைக் கட்டடத்தின் பின்புற மூலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அது வாடிக்கையாளரை மட்டுமன்றிச் சாலையையும் பாதிக்கிறது, ஏனெனில் உள்ளே இடம் வசதியாக இல்லாதபோது வண்டிகள் சாலையோரத்தில் நிற்கும். பைக் பார்க்கிங் தரைத்தளத்திலேயே, கூரையுடன், வாசலுக்கு அருகில் இருக்க வேண்டும். தரைக்குக் கீழேதான் என்றால் கார்கள் செல்லும் சரிவுப்பாதையோடு கலக்காத தனிப்பாதை வேண்டும். அதன் சரிவு தணிந்ததாகவும் தளம் சொரசொரப்பாகவும் இருக்க வேண்டும். மழைநாளில் வழுவழுப்பான சரிவில், முன்னே குழந்தையை நிறுத்திக்கொண்டு, பின்னே மனைவியை உட்காரவைத்து இறங்குபவரின் நிலையை வடிவமைப்பாளர் ஒருமுறையாவது நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஹெல்மெட்டைப் பூட்டி வைக்க மாடங்களும், வண்டியை விட்டு இறங்கியவர் கார்களுக்கு நடுவே நடக்காமல் வாசலை அடைய நடைபாதையும் சேர்த்துக் கேளுங்கள். கீழ்த்தளங்களில் வண்டிப்புகை தேங்காமல் வெளியேற்றும் விசிறிகளை நாள் முழுவதும் இயக்குவது பராமரிப்பில் முதலில் கைவிடப்படும் செலவுகளுள் ஒன்று என்பதையும் அறிந்திருங்கள்.

கீழ்த்தளம் என்றவுடன் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதுரையைச் சுற்றியுள்ள நிலம் கண்மாய்களாலும் அவற்றை இணைக்கும் வாய்க்கால்களாலும் ஆனது. ஒரு கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்கு நீர் போகும்படி முன்னோர் அமைத்திருந்த தொடரில் எங்கேனும் ஓரிடத்தில் மண் கொட்டப்பட்டால், நீர் தனக்குரிய பழைய தாழ்வைத் தேடி வரும். 2024 அக்டோபர் இறுதியில் பெய்த பெருமழையில் செல்லூர்ப் பகுதித் தெருக்களுக்குள் வெள்ளம் புகுந்தது நினைவிருக்கும். தங்கள் நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புல வரைபடத்தையும், நிலத்தின் வகையும் உரிமையும் பதிவாகியிருக்கும் கிராம 'அ' பதிவேட்டையும் வாங்கி, நிலத்தின் வழியாகவோ ஓரமாகவோ வாய்க்கால் எதுவும் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இன்று முள் மண்டி வறண்டு கிடக்கிறது என்பதால் அது வாய்க்கால் இல்லை என்றாகிவிடாது. வாய்க்கால் இருந்தால் அதனைத் திறந்தபடியே விட்டுக் கட்டடத்தை ஒதுக்கிக் கட்ட வேண்டும், இரண்டு கீழ்த்தளங்கள் என்ற எண்ணத்தையும் கைவிட வேண்டியிருக்கும். ஏழு ஏக்கர் நிலத்தில் மேலே பார்க்கிங் தளங்கள் கட்டுவது முற்றிலும் இயல்வதே.

அதே மழையைச் சேமிக்கவும் செய்யலாம். மழைநீர் சேகரிப்பு 2003ஆம் ஆண்டிலிருந்தே தமிழ்நாட்டில் கட்டாயம். மதுரையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்று கொண்டால், ஒரு ஏக்கர் பரப்புள்ள மொட்டை மாடியில் மட்டும் ஓராண்டில் சுமார் 34 லட்சம் லிட்டர் விழும். ஆவியாதலும் பிற இழப்பும் ஐந்தில் ஒரு பங்கு போனாலும் 27 லட்சம் லிட்டர் கைக்கு வரும். பெயருக்கு நான்கு குழிகள் தோண்டிவிட்டுக் கோடையில் தண்ணீர் லாரிகளை வரிசையில் நிறுத்துவதைவிட, அந்த நீரைத் தேக்கும் தொட்டிக்கு இப்போதே இடம் ஒதுக்குவது அறிவுடைமை.

கழிப்பறையைப் பற்றி விரிவாக எழுத எனக்குத் தயக்கம் இல்லை, ஏனெனில் ஒரு குடும்பம் மாலில் எவ்வளவு நேரம் தங்கும் என்பதை இதுவே முடிவு செய்கிறது. ஒவ்வொரு தளத்திலும், லிஃப்ட்டை விட்டு வெளியே வந்ததும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அது இருக்க வேண்டும். ஃபுட் கோர்ட்டும் சினிமாவும் உள்ள தளத்தில் பெண்கள் பகுதியின் கழிப்பறைகள் ஆண்கள் பகுதியைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்; படம் விட்ட ஐந்து நிமிடத்தில் எந்தப் பக்கம் வரிசை நிற்கிறது என்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. மேற்கத்திய வகை மட்டுமன்றி இந்திய வகைக் கழிப்பறையும் வேண்டும், ஒவ்வொன்றிலும் குழாய் வேண்டும், கைப்பையையும் துணிப்பையையும் மாட்ட உறுதியான கொக்கி வேண்டும். சிறுமியை அழைத்து வந்த தந்தையும், நடக்க இயலாத மனைவியைத் தாங்கி வரும் முதியவரும் பயன்படுத்த இருபாலர்க்கும் பொதுவான குடும்ப அறை ஒன்று தனியாக வேண்டும். தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைப் பேருந்து நிலையங்களில் தமிழ்நாடு அரசு 2015ஆம் ஆண்டிலேயே திறந்தது. பேருந்து நிலையத்தில் கிடைக்கும் வசதி ஏசி வளாகத்தில் கிடைக்கவில்லை என்றால் அது வெட்கக்கேடு. அந்த அறை கழிப்பறைக்குள் ஒரு மூலையாக இல்லாமல், தனிக் கதவும் நாற்காலியும் கை கழுவும் இடமும் கொண்டதாக இருக்க வேண்டும்.

எஸ்கலேட்டர் மாலின் அழகு என்று கருதப்படுகிறது. வயதானவர்களுக்கும், சேலைக் கொசுவம் தரையைத் தொட நடப்பவர்களுக்கும், ரப்பர் செருப்பு அணிந்த குழந்தைகளுக்கும் அது அச்சத்தைத் தரும் இயந்திரம். படிகளின் பக்கவாட்டு இடுக்கில் துணியும் செருப்பும் சிக்காமல் தடுக்கும் தூரிகைப் பட்டையும், மேலும் கீழும் எளிதில் எட்டும் சிவப்பு நிறுத்தப் பொத்தானும், கூட்ட நாள்களில் இரு முனையிலும் நின்று கைகொடுத்து உதவும் பணியாளரும் கட்டாயம். ஏறுவதற்கு ஒரு மூலையிலும் இறங்குவதற்கு எதிர்மூலையிலும் எஸ்கலேட்டரை வைத்து, எல்லாக் கடைகளையும் சுற்றிப் பார்க்கச் செய்யும் தந்திரத்தை அனுமதிக்காதீர்கள். முழங்கால் வலியோடு வரும் அம்மாவை அது மறுமுறை வரவிடாமல் செய்துவிடும். எஸ்கலேட்டருக்கு அருகிலேயே சாதாரணப் படிக்கட்டும், சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் நுழையும் அளவுள்ள லிஃப்ட்டும் இருக்கட்டும். வாசலில் சாய்தளம் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்குக்குக் குறையக் கூடாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறியது. பொதுமக்கள் வந்து செல்லும் கட்டடங்கள் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்பது அதன்படி சட்டக் கடமை.

உட்காரும் இருக்கைகள் மால்களில் ஏன் குறைவாக இருக்கின்றன என்று பலர் கேட்பதுண்டு. உட்கார்ந்தவர் வாங்க மாட்டார் என்ற தவறான கணக்கே காரணம். திருமணத்துக்குச் சேலை எடுக்க வரும் குடும்பத்தில் நான்கு பேர் கடைக்குள் இருந்தால் மூவர் வெளியே காத்திருப்பார்கள். அந்த மூவருக்கு நல்ல இருக்கையும் குடிநீரும் இருந்தால் நால்வரும் பதற்றமின்றி வாங்குவார்கள். கடை ஊழியர்களுக்கும் இருக்கை வேண்டும். 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், பணியாளர் அனைவருக்கும் இருக்கை தர வேண்டும் என்று விதிக்கிறது. ஜவுளிக்கடைகளில் நாள் முழுவதும் நின்றே வேலை பார்த்த பெண்களின் நிலையை ஒட்டி வந்த திருத்தம் அது. ஊழியர்களுக்கென ஓய்வறை, சாப்பிடும் இடம், தனிக் கழிப்பறை ஆகியவற்றை வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். குறிக்கவில்லையென்றால் அவர்கள் பார்க்கிங் தூணருகே தரையில் அமர்ந்து சாப்பிடுவார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் பெண்கள் பணியாற்ற அவர்களின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் தக்க பாதுகாப்பும் தேவை. கடை மூடும் நேரத்தில் மேலூர்ப் பக்கமும் நகரப் பக்கமும் செல்லும் வாகன ஏற்பாடு மாலின் பொறுப்பாகவே இருப்பது நன்று, ஏனெனில் ஒவ்வொரு கடையும் தனித்தனியாக அதைச் செய்யாது.

தீப்பாதுகாப்பில் விட்டுக்கொடுப்பதற்கு எதுவுமே இல்லை. மீனாட்சி அம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் 2018 பிப்ரவரி 2ஆம் நாள் இரவு கடைப்பகுதியில் பற்றிய தீ, கல் மண்டபத்தையே சரித்தது. கல்லுக்கே அந்தக் கதி என்றால், துணியும் பிளாஸ்டிக்கும் பிளைவுட் அலங்காரமும் நிறைந்த கடைகளில் என்ன ஆகும்? 1997இல் தில்லி உபகார் திரையரங்கில் 59 பேர் இறந்தனர். வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்ததும் புகை சூழ்ந்ததுமே பலருடைய உயிரைப் பறித்தன. 2024 மே மாதம் ராஜ்கோட்டில் விளையாட்டுக் கூடம் ஒன்று எரிந்ததில் சிறுவர்கள் உட்பட இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தங்கள் வரைபடத்தில் சினிமா, சிறுவர் விளையாட்டுக் கூடம் இரண்டும் மேல்தளத்தில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்து நேரே தரைக்கு இறங்கி வெளியே திறக்கும், மாலின் பிற பகுதிகளுக்குள் நுழையாத படிக்கட்டுகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். நடுமுற்றம் முழு உயரத்துக்கும் திறந்திருந்தால் கீழ்த்தளப் புகை நொடிகளில் மேல்தளத்தை நிரப்பும். அதனை உறிஞ்சி வெளியேற்றும் விசிறிகளும், மின்சாரம் நின்றாலும் அவற்றை இயக்கும் ஜெனரேட்டரும் வேண்டும். கட்டி முடிந்தபின் ஏற்படும் பெருங்குறை ஒன்று உண்டு: தீபாவளிச் சரக்கு வந்து இறங்கும் மாதத்தில் அவசரப் படிக்கட்டுகள் கிடங்குகளாகிவிடும். ஒவ்வொரு கடைக்கும் சரக்கு வைக்க உள்ளிடமும், பொருள்களை இறக்கப் பின்புறத் தனி வழியும் வரைபடத்திலேயே அமைந்தால்தான் அது குறையும்.

ஏசியைப் பொறுத்தவரை பொறியாளர்கள் தாமே பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே: மேற்குப் பார்த்த முகப்பு முழுவதும் கண்ணாடியா? மதுரையின் மே மாத மாலை வெயில் அதில் அடித்தால், நாற்பது டிகிரி வெப்பத்தை விலை கொடுத்து உள்ளே வாங்கிப் பிறகு விலை கொடுத்து வெளியேற்றுவதாக ஆகும். அந்தப் பக்கம் நிழல் தரும் சுவரோ ஆழமான தாழ்வாரமோ இருக்கட்டும். ஏசியின் வெப்பத்தை நீரால் தணிக்கும் குளிரூட்டும் கோபுரங்களுக்கு, சுத்திகரித்த கழிவுநீரைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

ஃபுட் கோர்ட்டில் வெளியூர்ச் சங்கிலிக் கடைகள் எல்லா மாலிலும் ஒன்றுபோலவே இருக்கும். மதுரையில் ஜிகர்தண்டாவும் கறிதோசையும் கிடைக்காத உணவுக்கூடத்துக்கு யாரும் இரண்டாம் முறை மேலேற மாட்டார்கள். சிறு வணிகர் பெருங்கடைக்குரிய குறைந்தபட்ச வாடகையைத் தாங்க முடியாது. ஆகவே பத்துக்குப் பத்து அடி கடைகள் சிலவற்றை விற்பனையில் பங்கு என்ற முறையில் மட்டும் தருமாறு ஒப்பந்தத்தில் எழுதலாம். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற சுங்குடிச் சேலைக்கும், 2013இல் பெற்ற மல்லிகைக்கும், மகளிர் சுயஉதவிக் குழுப் பொருள்களுக்கும் வாசலருகே இடம் இருந்தால், இது மதுரையின் மால் என்று வெளியூரார் அறிவார்கள். குடிநீர் ஒவ்வொரு தளத்திலும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். திரையரங்குகள் வெளி உணவைத் தடுக்கலாம் என்று கூறிய உச்ச நீதிமன்றம், அதே 2023 ஜனவரித் தீர்ப்பில், நல்ல குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்பதையும் குழந்தைக்குத் தேவையான உணவைக் கொண்டுவர விட வேண்டும் என்பதையும் வலியுறுத்தியது. அரங்கை நடத்த வருவோரிடம் இதனை முன்கூட்டியே எழுத்தில் பெறுங்கள்.

ஒப்பந்தத்தில் பொதுப் பராமரிப்புக் கட்டணம் என்றொரு பகுதி வரும். கடைக்காரர்களிடம் சதுர அடிக்கு இவ்வளவு என்று வாங்கும் அந்தத் தொகையிலிருந்துதான் கழிப்பறைத் துப்புரவு, லிஃப்ட் பராமரிப்பு, காவல், விளக்கு எல்லாம் நடக்கும். தொடக்க ஆண்டுகளில் பாதிக் கடைகள் காலியாக இருக்கும்; அப்போது அந்தத் தொகையும் பாதிதான் சேரும், முதலில் குறைக்கப்படுவது துப்புரவுப் பணியாளர்களின் எண்ணிக்கை. காலிக் கடைகளுக்குரிய பராமரிப்புப் பங்கைக் கட்டுமான நிறுவனமே செலுத்த வேண்டும் என்ற ஒரு வரியைத் தங்கள் வழக்கறிஞர் கட்டாயம் சேர்க்கட்டும். பேருந்து நிறுத்தம், பைக் பார்க்கிங், கழிப்பறை, பாலூட்டும் அறை, ஊழியர் ஓய்வறை, வெளியேறும் படிக்கட்டுகள் ஆகியவற்றின் பரப்பையும் இடத்தையும் வரைபடத்தில் சிவப்புக் கோட்டால் குறித்து, அவற்றைப் பிற்காலத்தில் கடையாகவோ கிடங்காகவோ மாற்ற நில உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும் என்று இணைப்பில் எழுதி, ஒவ்வொரு தாளிலும் இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். வாடகை வரும் கட்டடத்தில் வாடகை வராத இடத்தைத் தின்ன எப்போதும் யாரேனும் ஒருவர் வருவார். அவரைத் தடுத்து நிறுத்தப் பத்து ஆண்டுகள் கழித்துத் தங்கள் கையில் இருக்கப்போவது அந்தத் தாள்கள் மட்டுமே.